பொறுமையால் காலைக் காத்துக்கொண்ட மருத்துவர்

கணுக்கால் முறிவுகளில் ஒரு வகையை மருத்துவர்கள் பாட் முறிவு என்று அழைப்பர். அப்பெயருக்கு உரியவர் இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட் ஆவார்.

1714-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்த பாட், குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். 15-ஆம் வயதில் எட்வர்ட் நூர்ஸ் என்னும் அறுவை மருத்துவரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1749-இல் லண்டன் புனித பர்த்தலமேயு மருத்துவமனையின் அறுவை மருத்துவராக உயர்ந்தார்.

1756-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு நாள், குதிரையில் சென்றவர் கீழே விழுந்தார். காலெலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. தாறுமாறாகத் தூக்கினால் காயம் பெரிதாகும் என்பதை அறிந்த அவர், தம்மை எவரும் அசைக்க விடவில்லை. பல்லக்கு சுமப்போர் இருவரைக் கழிகளுடன் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவர்கள் வரும்வரை கடுங்குளிரில் தரையிலேயே கிடந்தார். பின்னர் ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் கழிகளை ஆணியடித்துப் பொருத்தச் செய்தார். அதன்மேல் படுத்தே லண்டன் பாலத்தைக் கடந்து வீடு சேர்ந்தார்.

கிருமிகளைப் பற்றிய அறிவும், மயக்க மருந்தும் இல்லாத காலம் அது. எலும்பு வெளிப்பட்ட காயம் சீழ் பிடித்து உயிரைக் குடிக்கும் என்று அஞ்சி, காலையே வெட்டி எடுத்துவிடுவது வழக்கம். பாட்டுக்கும் அவ்வாறே முடிவாயிற்று. கருவிகளும் ஆயத்தமாயின. அவ்வேளையில் வந்து சேர்ந்தார் ஆசிரியர் நூர்ஸ். காயத்தை ஆராய்ந்து, காலைக் காப்பாற்ற முயன்று பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது!

நெடுநாள் படுத்திருக்க வேண்டியதாயிற்று. பாட் அந்நாட்களை வீணே கழிக்கவில்லை. குடலிறக்க நோய் குறித்து நூல் எழுதலானார். அது அவ்வாண்டிலேயே வெளிவந்தது. 1768-இல் எலும்பு முறிவுகளைப் பற்றி அவர் எழுதிய நூலில் கணுக்கால் முறிவை விளக்கினார். முறிந்த காலை விறைப்பாக இழுத்துக் கட்டாமல், முழங்காலை மடக்கித் தசைகள் தளர்ந்திருக்கும்படி வைக்க வேண்டும் என்றார். 1775-இல், புகைபோக்கி துடைக்கும் ஏழைத் தொழிலாளருக்கு வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று உலகுக்கு உணர்த்தினார். 1788-இல் மறைந்தார்.

இன்று கணுக்கால் முறிந்தால், தேவைப்படும்போது அறுவைச் சிகிச்சை செய்து உலோகத் தகடும் திருகாணியும் பொருத்துகின்றனர். ஆயினும் அவை எலும்பை அசையாமல் பிடித்து வைக்குமேயன்றி, ஒட்ட வைப்பதில்லை. எலும்பு தானே கூடுவதற்குப் பல வாரங்கள் ஆகும். மருத்துவர் சொல்லும்முன் காலை ஊன்றலாகாது. அவர் நடக்கச் சொன்னபின் வலிக்கு அஞ்சிப் படுத்தே கிடப்பதும் ஆகாது.

விளையாட்டை விட்டு, ஊன்றுகோலுடன் வகுப்பில் அமர்ந்திருக்கும் தோழியைக் கண்டால் நாம் அவசரப்படுத்த வேண்டாம். அவளது புத்தகப் பையைச் சுமப்போம். காத்திருப்பதும் மருத்துவமே என்பதைப் பாட் பெருமகனாரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறதன்றோ!