பெர்சிவல் பாட்

கணுக்கால் முறிவுகளில் ஒருவகை இன்றும் ‘பாட் முறிவு’ என வழங்குகின்றது. அப்பெயருக்குரிய இரணவைத்தியர் பெர்சிவல் பாட் என்பார் 1714-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிற் பிறந்தார்.

1756-இல் அவர் குதிரையினின்றும் வீழ, கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிப்பட்டது. அசைத்தல் கேடென்றுணர்ந்த அவர், தம்மைத் தூக்க வந்தோரைத் தடுத்து, கதவொன்றை விலைக்கு வாங்குவித்து, அதிற் பல்லக்குத் தண்டுகளை அறைவித்து, அதன்மேற் கிடந்தவாறே இல்லஞ் சேர்ந்தார். காலைத் துணிப்பதே வழியென வைத்தியர்கள் முடிவுசெய்து கருவிகளையும் ஆயத்தம் பண்ணினர். அத்தறுவாயில் வந்த அவர்தம் ஆசிரியர் எட்வர்டு நோர்ஸ், காலைக் காத்தல் கூடுமென்றார். கால் பிழைத்தது.

படுக்கையிற் கிடந்த நாட்களிலேயே பாட் நூலெழுதத் தொடங்கினார். 1760-களின் இறுதியில் முறிவுகளையும் மூட்டுப் பிசகல்களையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காலின் வெளிப்புறச் சிற்றெலும்பு கணுவுக்குச் சற்று மேலே முறிந்து, உட்புறத்து நார்களும் அறுமாயின், பாதம் வெளிப்புறமாகப் பிசகுமென அதில் விளக்கினார். முழங்காலை மடக்கினால் தசைகள் தளரும். தளர்ந்தபின் எலும்பைப் பொருத்துதல் எளிதென்றுங் கற்பித்தார்.

1788-இல் அவர் காலமானார். அடிபட்ட அங்கத்தை அசையாது தாங்குக என்னும் பாடத்தை அவர் தம் காலையே பணயமாக வைத்துக் காட்டினாரென்பதை மாணாக்கர் மறவாதிருப்பாராக.