தகரம் பறந்த கதை

தகரமாவது, பறப்பதாவது என்று எள்ளி நகைத்தனர். மரத்தாலும் துணியாலும் விமானம் கட்டிய காலம் அது. நாம் குறிப்பிடும் ஜெர்மானியப் பேராசிரியர் ஹ்யூகோ ஜங்கர்ஸ், வெந்நீர்க் கருவி செய்து பொருள் ஈட்டியவர், 1915-ல் எஃகுத் தகட்டாலே விமானம் சமைத்தார். பறந்தது! ஆனால் எடை மிகுதி; மேலேறத் திணறியது.

தளர்ந்தாரா? இல்லை! அலுமினியத்தோடு செம்பும் மக்னீசியமும் கலந்த டூரலுமினை நாடினார். தகட்டை நெளிநெளியாக்கி வலிவூட்டினார். 1919-ல் அவருடைய எப்.13 நான்கு பயணிகளைச் சுமந்து பறந்தது.

1933-ல் வந்தது இட்லர் ஆட்சி. காப்புரிமை பறிபோயிற்று; ஆலை பறிபோயிற்று; அறிஞருக்கு வீட்டுக்காவல்! 1935-ல், தமது 76-ஆவது பிறந்தநாளன்றே மறைந்தார். பின்னர் அவர் பெயர் தாங்கிய விமானங்களே ஊர்கள்மீது குண்டு பொழிந்தன.

அறிவைப் போற்றுகிறோம் நாம். அது யார் கையில் என்று கேட்க மறக்கலாமா?