நச்சுப் புகையை ஆராய்ந்த ஹால்டேன்

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த கரிசல் நிலம். அங்கே சிவகாசியும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களால் பெயர் பெற்றவை. வறண்ட காற்றும் வெயிலும் வெடிமருந்தை உலர்த்த உதவுவதால், அத்தொழில்கள் அங்கு வேரூன்றி வளர்ந்தன. நெருப்போடு நாள்தோறும் பழகும் அம்மக்கள் நெருப்பின் கொடுமையை நன்கு அறிவர். ஆனால், புகையின் கொடுமை அத்துணை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதன்று. 2016-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிவகாசியில் பட்டாசுக் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. அருகிலிருந்த மருத்துவப் பரிசோதனை நிலையத்தினுள் புகை புகுந்து சூழ்ந்தது. அங்கிருந்தோர் பலர் மூச்சுத் திணறி மாண்டனர்.

புகை உயிரைக் கவரும் முறையை உலகிற்கு ஐயமற விளக்கிய அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆவார். அவர் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் 1860-ஆம் ஆண்டு மே திங்களில் பிறந்தார். 1884-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவத் தொழில் புரிந்து பெரும்பொருள் ஈட்ட அவர் விரும்பவில்லை. மக்கள் உட்கொள்ளும் காற்றை ஆராய முனைந்தார். டண்டீ நகரத்து ஏழை மக்களின் நெருக்கமான இல்லங்களுக்கு இரவு நேரத்திற் சென்று, அங்குள்ள காற்றைச் சேகரித்துச் சோதித்தார். பின்னர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

அக்காலத்தில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெடி விபத்துகள் அடிக்கடி நிகழ்ந்தன. அவற்றில் மாண்டோர் வெடியின் தாக்குதலாலும் தீயாலுமே மாண்டனர் என்று பலரும் கருதினர். 1896-ஆம் ஆண்டு சனவரியில் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்து 57 பேர் உயிர் இழந்தனர். ஹால்டேன் அங்குச் சென்று, மாண்டோரின் உடல்களை ஆராய்ந்தார். பலருடைய உடலில் உயிர் போக்கத்தக்க காயம் இல்லை; தோலோ செந்நிறம் பூத்திருந்தது. குருதியைச் சோதித்தபொழுது உண்மை வெளிப்பட்டது. பெரும்பாலோரைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளியே. சுரங்கத்தின் காற்றோட்டமே அந்நஞ்சைச் சுமந்து சென்று, தொலைவில் இருந்தோரையும் மாய்த்தது.

அவ்வளிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள செம்பொருள், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் அதனை விரும்பிப் பற்றிக்கொள்கிறது. அதனால், உடலுக்கு வேண்டிய பிராணவாயு கிட்டாமற் போகிறது.

இதனை ஹால்டேன் நூல்களில் மட்டும் கற்றவர் அல்லர். தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கி, அந்நச்சுவளியைத் தாமே நுகர்ந்தார். தம் குருதியில் பாதிக்கு மேல் அந்நஞ்சு பற்றும்வரை பொறுத்திருந்து, உடலில் தோன்றிய மாறுதல்களைக் குறித்துவைத்தார். நஞ்சு ஏறும்பொழுது அறிவு மெல்ல மங்கும், கால்கள் தளரும், ஆயினும், தமக்கு இடர் நேர்ந்துள்ளது என்பதை மனிதர் உணரார். தப்பி ஓட வேண்டும் என்னும் எண்ணம் எழும்பொழுது, ஓடுதற்குக் கால்களில் வலிமை இராது. இதுவே அவர் கண்ட பேருண்மை.

உண்மையைக் கண்டதோடு அவர் அமையவில்லை. காக்கும் வழியையும் காட்டினார். சிறு பிராணிகள் விரைந்து மூச்சு விடுவதால், மனிதர்க்கு முன்னரே அவற்றை நஞ்சு தாக்கும். ஆதலின், சுரங்கத்தினுள் எலியையோ கானரி என்னும் சிறு பறவையையோ உடன் கொண்டு செல்லுமாறு அறிவுரை கூறினார். பறவை சோர்ந்து விழக் கண்டதும் தொழிலாளர் வெளியேறி உயிர் பிழைத்தனர். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டு வரை இவ்வழக்கம் நிலவியது. நஞ்சுண்டவர்க்குப் பிராணவாயுவே மருந்து என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

1915-இல் போர்க்களத்தில் நச்சுவளி ஏவப்பட்டபொழுது, அது குளோரின் என்பதைக் கண்டறிந்து, வீரர்களைக் காக்கும் முகமூடிகளை அமைக்கவும் உழைத்தார். முதுமையிலும் ஓய்வை நாடாத அவர், 1936-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். அவர் மைந்தர் ஜே. பி. எஸ். ஹால்டேனும் பேரறிஞர், 1957-இல் இந்தியாவிற்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

இன்று அறிஞர்கள் காற்றின் வேகம், திசை, வெப்பம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, தீயிலிருந்து எழும் புகை எத்திசையில் எவ்வளவு தொலைவு பரவும் என்று முன்கூட்டி மதிப்பிடுகின்றனர். காற்று அசையாத குளிர்ந்த விடியற்காலையில் புகை மேலெழாது தரையை ஒட்டித் தங்கும். பட்டாசுப் புகையிலோ, கந்தகம் எரிவதால் உண்டாகும் நச்சுவளியும் கலந்து மூச்சுக்குழலை வருத்தும். அடைபட்ட அறையில் புகை முதலில் கூரையை நிறைத்துப் பின் கீழிறங்கும். ஆதலின், புகை சூழ்ந்தால் தாழக் குனிந்து விரைவில் வெளியேறுதல் வேண்டும். வெளியேறும் வாயில்களை எக்காலத்தும் அடைத்து வைத்தல் ஆகாது. ஹால்டேன் தம் குருதியை அளந்து கற்றுத் தந்த இப்பாடத்தை, தீயோடு தொழில் புரியும் ஊர்கள் என்றும் மறத்தல் கூடாது.