கிறிஸ்துமஸ் கதை எழுதிய மை ஆலைச் சிறுவன்



சில வீட்டு வாசல்களில் நட்சத்திரம் தொங்கத் தொடங்கிவிட்டது. லிஃப்டில் ஏறினால் பிளம் கேக் வாசனை. சாண்டா கிளாஸைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் குடும்பமாகக் கூடி உண்பது, இல்லாதவருக்குக் கொடுப்பது என்று கிறிஸ்துமஸைப் பற்றி இன்று உலகம் முழுக்க உள்ள எண்ணத்தை வளர்த்ததில் ஒரு நாவலாசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் சார்லஸ் டிக்கன்ஸ்.

1812-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். அப்பா நல்ல மனிதர்தான், கையில் காசு மட்டும் தங்காது. 1824-இல் கடனுக்காக அவரை லண்டன் மார்ஷல்சி சிறையில் அடைத்தார்கள். அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் அங்கேயே போய்த் தங்கினார்கள். பன்னிரண்டு வயது சார்லஸ் வெளியே, தனியாக. காலணிக்குப் பூசும் கறுப்பு மை தயாரிக்கும் இடத்தில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்குச் சுமார் 6 ஷில்லிங். ஞாயிற்றுக்கிழமை சிறைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்ப்பார். அப்பா விடுதலையான பிறகும் பையன் வேலைக்கே போகட்டும் என்று அம்மா நினைத்தார். மகனால் அதைக் கடைசிவரை மறக்க முடியவில்லை.

1843-இல் அவர் புகழ்பெற்ற எழுத்தாளர். ஆலைகளில் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிய அரசு அறிக்கை அப்போது வெளிவந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றையும் நேரில் போய்ப் பார்த்தார். கோபத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் போட நினைத்தவர், பிறகு கதையாகச் சொல்வதே மேல் என்று முடிவு செய்தார். இரவில் மைல் கணக்கில் லண்டன் தெருக்களில் நடந்தபடியே கதையை யோசித்து, ஆறே வாரத்தில் எழுதி முடித்தார். அதுதான் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. ஸ்க்ரூஜ் என்ற கஞ்சனை ஒரே இரவில் ஆவிகள் வந்து மாற்றிவிடும் கதை. அவனுடைய குமாஸ்தாவின் நோயாளிப் பிள்ளை டைனி டிம்மைப் படித்தவர்கள் மறக்க மாட்டீர்கள்.

டிசம்பர் 19 அன்று வெளியான 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிட்டன. ஆனால் வண்ணப் படம், தங்க விளிம்பு என்று சொந்தச் செலவில் அவர் இழைத்து இழைத்துச் செய்ததில் லாபம் சுருங்கிப்போனது. ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்தவருக்கு முதல் பதிப்பில் கிடைத்தது சுமார் 230. கதையைத் திருடி அச்சிட்டவர்கள் மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். அவர்களோ திவாலாகிவிட, கோர்ட் செலவும் இவர் தலையிலேயே விழுந்தது! புத்தகத்தின் விலை 5 ஷில்லிங். மை ஆலைச் சிறுவனுக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம்.

1853 டிசம்பரில் பர்மிங்காமில் இந்தக் கதையை மேடையில் வாசித்தார். தொழிலாளர்களும் வந்து கேட்க வேண்டும் என்று ஒரு நாள் மட்டும் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னார். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் வாசித்தார்.

மை ஆலையைப் பற்றி மட்டும் வெளியே வாய் திறக்கவில்லை. நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு அது தெரியும். டிக்கன்ஸ் 1870-இல் இறந்த பிறகு அந்த நண்பர் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்துத்தான், அப்பா சிறுவயதில் லேபிள் ஒட்டிய கதை அவருடைய பிள்ளைகளுக்கே தெரியவந்தது.