மேகநாதனைப் பாடிய வங்கக் கவி

புராணக் கதைகளை இக்காலத்தவர் தம் மனப்போக்கிற்கேற்ப மாற்றி எழுதலாமா என்ற கேள்வி நம் நாட்டில் அடிக்கடி எழுந்துகொண்டே இருக்கிறது. 2010-ம் வருஷம் முதல் சிவபெருமானையும் ஸ்ரீராமனையும் மானிட வீரர்களாகக் கற்பித்து ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற நாவல்கள் ஏராளமாக விலைபோயின. 2012-ல் இராவணனே தன் சரிதையைச் சொல்வதாக அமைந்த நாவலொன்றும் வெளிவந்தது. இவற்றைப் புதுமையென்று கொண்டாடுவோரும் உளர். அபசாரமென்று வெகுள்வோரும் உளர். இரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு வங்காளத்தில் உண்டு. 1861-ம் வருஷத்திலேயே இராவணன் மகனைத் தலைவனாக வைத்து ஒரு பெருங்காவியம் பாடித் தம் தாய்மொழியின் போக்கையே மாற்றிய மகாகவி மைக்கேல் மதுசூதன தத்தரின் வாழ்க்கையே அது. அவர் எட்டாண்டுக் காலம் நமது சென்னைப் பட்டணத்தில் வாழ்ந்தவர் என்பதை நம்மவரிற் பலர் அறியார்.

தத்தர் 1824-ம் வருஷம் ஜனவரி மாதம் 25-ந் தேதி ஜெஸ்ஸூர் ஜில்லாவில், கபோதாக்ஷ நதிக்கரையிலுள்ள சாகர்தாரி என்னும் கிராமத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்க தேசத்தில் அடங்கியுள்ளது. தந்தையார் ராஜநாராயண தத்தர் கல்கத்தாவில் பேர்பெற்ற வக்கீல். தாயார் ஜாஹ்னவி தேவி. கிருத்திவாசரின் இராமாயணத்தையும் காசிராம தாசரின் பாரதத்தையும் அன்னையின் மடியிலிருந்தே கேட்டு வளர்ந்தார் குழந்தை மதுசூதனர். பிற்காலத்தில் பல தேசத்துக் காவியங்களையும் கற்றுத் தேர்ந்தபோதிலும், அவர் கவிதைக்கு வித்தாக அமைந்தவை அந்நாளில் செவிவழிப் புகுந்த இக்கதைகளேயாம்.

பிறகு கல்கத்தா ஹிந்து கலாசாலையிற் சேர்ந்தார். ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் தம் நாட்டு நடை, உடை, பாஷை, மதம் யாவற்றையும் இழிவாக எண்ணத் தலைப்பட்டிருந்த காலம் அது. மதுசூதனரும் அம்மோகத்தில் முழுகினார். பைரனைப்போல் ஆங்கிலத்தில் பாடவேண்டும், சீமைக்குக் கப்பலேறவேண்டும் என்ற ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. தந்தையார் நிச்சயித்த விவாகத்திற்கு இசையாமல், 1843-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 9-ந் தேதி கிறிஸ்துவ மதத்திற் புகுந்தார். ஹிந்து கலாசாலையில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. பிஷப் கலாசாலையிற் சேர்ந்து கிரேக்கம், லத்தீன், ஸம்ஸ்கிருதம் ஆகிய பாஷைகளைக் கற்றார். நாளடைவில் தந்தையாரின் பொருளுதவியும் நின்றது. கையிற் பணமின்றிக் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்ட அவ்விளைஞர் 1848-ம் வருஷத் தொடக்கத்தில் சென்னையில் வந்திறங்கினார்.

சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியைச் சார்ந்த பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் வேலை கிடைத்தது. அவ்வருஷமே ரெபெக்கா என்ற பெண்ணை மணந்தார். இங்கிருந்த ஆங்கிலப் பத்திரிகைகளில் கட்டுரைகளும் கவிதைகளும் எழுதினார். 1849-ல் பிருதிவிராஜன், ஸம்யுக்தை கதையை ஆங்கிலக் காவியமாக்கிச் சென்னையிலேயே அச்சிட்டார். கல்கத்தாவில் அந்நூலுக்கு அவர் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. அங்குக் கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட மெம்பராயிருந்தவரும், பெண் கல்விக்குப் பாடுபட்டவருமான பெதூன் துரையிடம் அந்நூலின் பிரதியொன்று சேர்ந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, இத்தகைய திறமையுடையவர் ஆங்கிலத்தில் காலத்தைக் கழிப்பதைவிடத் தம் சொந்த பாஷைக்குத் தொண்டு புரிவதே தகுதி என்று யோசனை கூறினார். அதைத் தெரிவித்து ஊக்கமூட்டியவர் மதுசூதனரின் உயிர்த் தோழர் கௌரதாஸ வஸாகர்.

இப்புத்திமதியைத் தத்தர் அலட்சியம் செய்யவில்லை. தாய்மொழி தம் நாவினின்றும் விரைவாக நழுவி வருவதை உணர்ந்து, கிருத்திவாசர் இராமாயணத்தையும் காசிராமர் பாரதத்தையும் கல்கத்தாவிலிருந்து அனுப்புமாறு முன்னமே நண்பருக்கு எழுதியிருந்தார். அந்நாளில் அவர் வகுத்துக்கொண்ட நியமம் கடுமையானது. காலை 6 மணி முதல் 8 வரையில் ஹீப்ரு. 8 முதல் 12 வரையில் பள்ளிக்கூட வேலை. 12 முதல் 2 வரையில் கிரேக்கம். 2 முதல் 5 வரையில் தெலுங்கும் ஸம்ஸ்கிருதமும். 5 முதல் 7 வரையில் லத்தீன். இரவு 10 மணி வரையில் ஆங்கிலம். இவற்றோடு நம் தமிழையும் தினந்தோறும் படித்து வருவதாக நண்பருக்குத் தெரிவித்திருக்கிறார். இவ்வளவு பாஷைகளையும் கற்பது முன்னோரின் மொழியை அணிசெய்வதற்கே என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உறுதிப்பட்டது சென்னையிலேதான். வங்கக் கவியின் மறுபிறப்பு நம்மூரில் நிகழ்ந்தது என்று சொல்லலாம்.

தந்தையார் காலமான செய்தி அறிந்து 1856-ல் கல்கத்தா திரும்பினார். மனைவி ரெபெக்காவும் மக்களும் சென்னையிலேயே கைவிடப்பட்டனர். ஹென்ரியட்டா என்ற மாது பின்னர் அவரிடம் சென்று சேர்ந்து, இறுதிவரையில் அவரோடு வாழ்ந்தார். கவியின் பெருமையைக் கூறுமிடத்து இக்குறையை மறைப்பது நியாயமன்று.

கல்கத்தாவில் பைக்பாடா ஜமீன்தார்கள் பெல்காசியாவில் ஒரு நாடக மேடை அமைத்திருந்தார்கள். 1858-ல் அங்கு நடிக்கப்பெற்ற ரத்னாவளி நாடகத்தை ஆங்கில விருந்தினருக்காக மொழிபெயர்த்துக் கொடுத்தார் தத்தர். அற்பமான நாடகத்திற்கு இவ்வளவு பொருட்செலவா என்று மனம் நொந்து, தாமே வங்க மொழியில் ஒரு நாடகம் எழுதத் துணிந்தார். பாரதத்து யயாதி கதையைக் கொண்ட சர்மிஷ்டை இவ்வாறு தோன்றி, 1859-ல் அரங்கேறியது. அடுத்து வந்த பத்மாவதி நாடகத்தில், மூன்று தேவியர் ஒரு பொற்கனிக்காகப் பிணங்கிய கிரேக்கக் கதையை இந்திராணி, ரதி முதலியோருக்கு ஏற்றி நம் நாட்டுக் கதையாகவே மாற்றிவிட்டார்.

அக்காலத்து வங்கக் கவிதைக்குப் பயார் என்னும் யாப்பு ஒரு தளையாக இருந்தது. அடிக்குப் பதினான்கு எழுத்து. இரண்டிரண்டு அடிகள் ஈற்றில் ஓசை ஒத்து முடியும். அடி முடியும்போதே கருத்தும் முடிந்துவிடும். இதைக்கொண்டு போர்க்களத்தையும் கடலின் முழக்கத்தையும் பாடுவது எங்ஙனம்? ஈற்றியைபில்லாத செய்யுள் வங்க பாஷைக்கு ஒவ்வாது என்று ஜதீந்திரமோகன தாகூர் கருதினார். ஒவ்வும் என்று காட்டுவதாகத் தத்தர் வாதிட்டார். பதினான்கு எழுத்தை வைத்துக்கொண்டு, இயைபை நீக்கி, கருத்தை அடிகடந்து ஓடவிட்டார். அகவலோசையில் பழகிய தமிழருக்கு இது அதிசயமாகத் தோன்றாது. வங்காளத்திலோ இது பெரும் புரட்சியாயிற்று. சுந்தோபசுந்தர் கதையாகிய திலோத்தமை காவியம் 1860-ல் இவ்வாறு வெளிவந்தது. முன்பு ஐயுற்ற ஜதீந்திரமோகனரே அதன் அச்சுச் செலவை ஏற்றார்.

1861-ல் வெளிவந்தது மேகநாத வதம். ஒன்பது ஸர்க்கங்களையுடைய அக்காவியம், மகன் வீரபாகு போரில் மாண்ட செய்தி கேட்டு இராவணன் கொலுமண்டபத்தில் துயருற்றிருப்பதில் தொடங்குகிறது. வீரபாகுவின் தாய் சித்திராங்கதை சபைக்கு வந்து, தன் மகன் இறந்தது நாட்டுக்காகவா, மன்னன் செய்த குற்றத்திற்காகவா என்று கணவனையே நெருங்கிக் கேட்கிறாள். உத்தியானத்திலிருந்த மேகநாதன் செய்தியறிந்து இலங்கைக்கு விரைந்து சேனாதிபதியாகிறான். அவன் மனைவி பிரமீளை வீரமகளிர் சூழ வாளேந்தி, இராமனது சேனையின் நடுவே வழிவாங்கிக்கொண்டு நகருட் புகுகிறாள்.

கதையின் உச்சம் ஆறாவது ஸர்க்கத்தில் உள்ளது. வால்மீகியிலும் கம்பனிலும் நிகும்பலை யாகம் குலைந்தபின் இந்திரஜித்து தேரேறிப் பெரும்போர் புரிந்தே மடிகிறான். தத்தர் இதை மாற்றினார். மாயையின் துணையால் உருவம் மறைந்து, விபீஷணன் வழிகாட்ட, இலக்குவன் கோயிலினுட் புகுகிறான். ஆயுதமின்றி அக்கினியைப் பூஜித்துக்கொண்டிருந்த மேகநாதன் படைக்கலம் எடுத்துவர அவகாசம் கேட்கிறான், கிடைக்கவில்லை. வாயிலை அடைத்து நிற்பவன் தன் சிறிய தந்தையே என்று கண்டு அவன் கூறும் மொழிகள், குலத்தையும் பிறந்த மண்ணையும் விட்டு மாற்றாரோடு சேர்ந்தவரைச் சுடும் மொழிகள். அன்னியப் படை முற்றுகையிட்ட ஒரு நாட்டின் கடைசி வீரனாக மேகநாதனைக் கண்டு, இக்காவியத்தில் அடிமைத் தேசத்தின் குரலைக் கேட்டவர் பலர். பெருங்கலகம் அடங்கி மூன்றாண்டுகளே கழிந்திருந்த வங்காளத்தில் அக்குரல் செவியில் விழுந்தது வியப்பன்று.

ஹோமர், வர்ஜில், தாந்தே, மில்டன் ஆகியோர் அனைவரும் இக்காவியத்திற்குக் கைகொடுத்திருக்கின்றனர். இராமன் மாயாதேவியின் பின்னே யமபுரி சென்று தசரதனைக் காண்பது மேனாட்டுக் காவியங்களின் வழியில் வந்தது. இறுதி ஸர்க்கத்தில் மகனுக்கு ஈமக்கடன் ஆற்ற இராவணன் ஏழு நாள் போர் நிறுத்தம் கேட்க, இராமன் அதற்கு இசைகிறான். பிரமீளை சிதையேறுகிறாள். இலங்கை ஏழு நாள் இரவும் பகலும் அழுகிறது. இங்கு ஹோமரின் நிழல் தெளிவாக விழுகிறது. ஆயினும் அயலிலிருந்து கொணர்ந்த ஒன்றேனும் ஒட்டுப்போட்டதாகத் தோன்றவில்லை. நம் கதையின் நாடி நரம்பெல்லாம் அறிந்த கையாதலின், எங்கே வெட்டினாலும் உயிர்நிலை தப்பாமல் வெட்டியது.

இராமனிடத்திலும் அவன் பரிவாரத்தினிடத்திலும் தமக்கு மதிப்பில்லையென்றும், இராவணனை நினைத்தாலே தம் கற்பனை கிளர்ந்தெழுகிறதென்றும் தத்தர் நண்பருக்கு எழுதியதுண்டு. இதனை எடுத்துக்காட்டி அவரை ஹிந்து தர்ம விரோதி எனத் தூற்றியவர் உண்டு. அவர்கள் நான்காம் ஸர்க்கத்தைப் படிக்கவேண்டும். அசோகவனத்தில் ஸீதை சரமையிடம் தன் பழைய வாழ்வைச் சொல்லும் பகுதியில், பஞ்சவடியின் நினைவும் பதியின் பிரிவும் எவ்வளவு பக்தியோடு பாடப்பெற்றிருக்கின்றன! வீழ்ந்த இலக்குவனைக் கண்டு அழும் இராமனும் நம் கண்ணீரைக் கவர்கிறான். கடிதத்தில் கட்சி பேசிய மனிதர் காவியத்தில் இரு கட்சிக்கும் இரங்கிய கவியானார். கம்பனும் இந்திரஜித்தின் வாயில், ஸீதையை விட்டுவிடுமாறு தந்தைக்கு உரைக்கும் நல்லுரையை வைத்துத்தான் அவனைப் போருக்கு அனுப்பினான். பகைவனிடத்தும் பெருமை காண்பது நம் கவிமரபிற்குப் புதிதன்று.

காவியம் வெளிவந்த வருஷத்திலேயே காளிபிரஸன்ன ஸிம்ஹரின் சபை தத்தருக்கு உபசாரம் செய்து வெள்ளிப் பாத்திரம் பரிசளித்தது. அவரது நடையைப் பரிகசித்து, மூஞ்சூறு வதம் என்ற கேலிக் காவியம் ஒன்றும் 1868-ல் வந்தது. இளம்பருவத்தில் ரவீந்திரநாதர் 1877-ல் கடுமையாகக் கண்டித்து எழுதினார். முதிர்ந்தபின் அக்கண்டனம் தம் பிள்ளைப்பருவத்துத் துடுக்கென்று ஒப்புக்கொண்டார். 1862-ல் வெளிவந்த வீராங்கனை காவியத்தில் சகுந்தலை, கைகேயி, சூர்ப்பணகை, திரௌபதி உள்ளிட்ட 11 புராணப் பெண்கள் தம் நாயகருக்கும் காதலருக்கும் எழுதும் நிருபங்கள் உள்ளன. புராணம் பேசவிடாத பெண்களும் அதில் வாய்திறந்து பேசினர். அந்நூலை வித்யாஸாகரருக்கு ஸமர்ப்பித்தார்.

அவ்வருஷமே பாரிஸ்டராகும் பொருட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். பிள்ளைப் பிராயத்து ஆசை நிறைவேறியது. அதனால் விளைந்தது துன்பமே. ஊரிலிருந்து வரவேண்டிய பணம் வராமற்போக, பிரான்ஸ் தேசத்து வெர்ஸேல்ஸ் நகரில் குடும்பத்தோடு வறுமையில் வாடினார். வித்யாஸாகரர் கடன் வாங்கியும் பணம் அனுப்பிக் காப்பாற்றினார். அந்நகரிலிருந்தே தம் கிராமத்து நதியையும் தாய்மொழியையும் நினைந்துருகிப் பதினான்கடிப் பாக்கள் பாடினார். அவை 1866-ல் நூலாயின. சீமையைக் கனவு கண்டவர் சீமையிற் கண்ட கனவு கபோதாக்ஷ நதி!

1867-ல் பாரிஸ்டராகக் கல்கத்தா திரும்பினார். வருமானம் வந்தது, செலவு அதனை விஞ்சியது. கடனும் மதுவும் நோயும் அவரை அரித்தன. ஹென்ரியட்டா இறந்த மூன்றாம் நாள், 1873-ம் வருஷம் ஜூன் மாதம் 29-ந் தேதி, அலிப்பூர் ஆஸ்பத்திரியில் தமது 49-வது வயதில் உயிர் துறந்தார். அடக்கம் செய்வதற்கு இடம் கிடைப்பதிலும் தடை நேர்ந்து, பின்பே கல்கத்தாக் கல்லறையில் அவருடல் வைக்கப்பெற்றது. அங்கு வழிப்போக்கரைச் சற்று நிற்குமாறு வேண்டும் வரிகள் அவர் தாமே வங்க மொழியில் எழுதிவைத்தவை.

பழங்கதையை மாற்றலாமா என்று கேட்பவருக்கு இவ்வாழ்க்கையே விடை கூறும். கதையை மாற்றும் உரிமையை எவரும் எவருக்கும் தானமாகக் கொடுப்பதில்லை. உழைத்துச் சம்பாதிக்க வேண்டும். தத்தர் மூலத்தை ஓதியுணர்ந்தார். பல பாஷைகளின் செல்வத்தைத் தேடிக் கொணர்ந்தார். அச்செல்வத்தையெல்லாம் தாய்மொழியின் காலடியில் வைத்தார். ஆங்கிலத்தில் அவர் பாடிய காவியத்தை ஆராய்ச்சிக்காரரன்றி இன்று தேடிப் படிப்பவர் அரியர். வங்க மொழியில் பாடிய மேகநாதனோ அம்மொழியுள்ளளவும் வாழ்வான். புராண புருஷரைப் புதுக்கோலத்திற் காட்ட விழையும் நம் இளைஞர்கள் முதலில் கம்பனையும் வில்லிபுத்தூராரையும் ஊன்றிப் படிப்பார்களாக. பின்பு தமிழிலேயே துணிந்து எழுதுவார்களாக. அங்ஙனம் எழுதுவோரை, மாற்றினார்கள் என்பது ஒன்றையே குற்றமாகக் கொண்டு அடக்க முற்படாதிருப்பது தேசத்தாரின் கடமை.