கிரிக்கெட்டா, ஹாக்கியா? செங்கல்பட்டு எம்.ஜே.கோபாலன் எடுத்த அந்த ஒரு முடிவு!

ஞாயிற்றுக்கிழமை காலையில பைக்கை எடுத்துக்கிட்டு ஈ.சி.ஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் போய், கடற்கரைக் கோயில் பக்கத்துல நாலு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுற ஆளா நீங்க? அப்படின்னா 2022-ல அங்கே செஸ் ஒலிம்பியாட் நடந்ததும், வேட்டி கட்டின அந்தத் தம்பி குதிரையும் நல்லாவே ஞாபகம் இருக்கும். அதே செங்கல்பட்டு மாவட்டத்துல, மொறப்பாக்கம்னு ஒரு கிராமம் இருக்கு. அந்த ஊர்ல பிறந்த ஒருத்தர், இந்தியாவுக்காக ரெண்டு விளையாட்டு ஆடினார். ஒண்ணு கிரிக்கெட், இன்னொண்ணு ஹாக்கி. பேர் எம்.ஜே.கோபாலன். அந்த ‘எம்’ என்ன தெரியுமா? மொறப்பாக்கம்தான்.

1909 ஜூன் 6-ம் தேதி பிறந்தார். சின்ன வயசுலயே குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. திருவல்லிக்கேணி என்றால் அன்றைக்குத் தெருவுக்குத் தெரு கிரிக்கெட். மயிலாப்பூர் கிளப்புக்கும் திருவல்லிக்கேணி கிளப்புக்கும் மேட்ச் என்றால், இன்றைக்கு சி.எஸ்.கே - மும்பை மேட்ச் மாதிரி ஊர் ரெண்டாகப் பிரியும். கோபாலன் திருவல்லிக்கேணிப் பக்கம். வேகப்பந்து வீச்சாளர். லெக் கட்டர் அவரோட ஆயுதம். அதாவது, பந்து வலது கை பேட்ஸ்மேனின் கால் பக்கம் விழுந்து, ஆஃப் பக்கமாக வெட்டிக்கொண்டு போகும்.

இந்தப் பையனைக் கவனித்தவர் சி.பி.ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். கேம்பிரிட்ஜில் ஆடியவர், சென்னையில் பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனி அதிகாரி. அவர் கோபாலனுக்கு அதே கம்பெனியில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். இங்கே கொஞ்சம் நில்லுங்க. இன்றைக்கு 20 வயசுப் பையன் நல்லா பந்து போட்டால் ஐ.பி.எல் ஏலம், கோடிகள், ஷூ விளம்பரம் என்று வரிசையாக வரும். அன்றைக்கு ஏலமும் இல்லை, கான்ட்ராக்ட்டும் இல்லை. ஒரு ஆட்டக்காரனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பரிசே, மாசச் சம்பளம் தரும் ஒரு வேலையும், மேட்ச் ஆடப் போனால் லீவு கொடுக்கும் ஒரு மேலதிகாரியும்தான். கோபாலனுக்கு ரெண்டும் கிடைத்தன.

1930-ல் விஜயநகரம் இளவரசர் (‘விஸி’ என்றுதான் கிரிக்கெட் உலகம் அவரைக் கூப்பிடும், இவர் பின்னாடி மறுபடியும் வருவார்) சொந்தக் காசைப் போட்டு ஒரு அணி சேர்த்தார். உலகத்தின் தலைசிறந்த பேட்ஸ்மேன் என்று பேர் வாங்கிய ஜாக் ஹாப்ஸையே இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். அந்த அணி சென்னைக்கு வந்தபோது, 21 வயசு கோபாலன் போட்ட லெக் கட்டர் ஹாப்ஸின் ஸ்டம்ப்பைச் சாய்த்துவிட்டது. அதற்கு அப்புறம் மெட்ராஸ் மாகாணத்தில் கோபாலன் யார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் டெஸ்ட் அறிமுகம். எதிரே, பாடிலைன் புகழ் டக்ளஸ் ஜார்டைன் தலைமையிலான இங்கிலாந்து. நம்ம பக்கம் கேப்டன் சி.கே.நாயுடு. கோபாலன் எடுத்தது ஒரு விக்கெட். பேட்டிங்கில் 11 நாட் அவுட், 7. மோசமில்லை. ஆனால், அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் வரலாற்றின் முதல் டெஸ்ட் நடந்தபோது, அந்த மைதானத்தின் செல்லப்பிள்ளைக்கு அணியில் இடமில்லை. சொந்த ஊர்ல நடக்குற டெஸ்ட்ல சொந்த ஊர் பையன் வெளியே... நமக்கே மனசு கேட்க மாட்டேங்குது இல்ல?

அதே வருஷம் நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கம் வேறொரு வரலாற்றைப் பார்த்தது. ரஞ்சி டிராஃபியின் முதல் மேட்ச், மெட்ராஸும் மைசூரும் மோதின. ரஞ்சியின் முதல் பந்தை வீசியது மொறப்பாக்கம் கோபாலன்தான். மைசூர் 48, 59 என்று ரெண்டு தடவையும் சுருண்டது. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட். ஒரே நாளில் மேட்ச் முடிந்துவிட்டது!

சரி, ஹாக்கி? அங்கேதான் கதையே இருக்கு.

1935-ல் தியான்சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து கிளம்பியது. அணியில் கோபாலனும் ஒருவர். வழியில் இலங்கை, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்த்து 48 ஆட்டங்கள். ஜெயித்தது எத்தனை? 48-ம்தான். போட்ட கோல் 584. அதில் 201 தியான்சந்த்துடையது. விளையாட்டு உலகில் இப்படி ஒரு சுற்றுப்பயணம் அதற்கு முன்னும் பின்னும் அபூர்வம். அந்த அணியோடு சேர்ந்து ஸ்டிக் பிடித்தவர் நம்ம ஊர் ஆள்.

அடுத்த வருஷம் 1936. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக். ஏற்கெனவே ரெண்டு தங்கம் வாங்கிய இந்திய ஹாக்கி, மூன்றாவதுக்குத் தயாராகிறது. இன்னொரு பக்கம் இந்திய கிரிக்கெட் அணியின் இங்கிலாந்து டூர், மூன்று டெஸ்ட். ரெண்டும் ஒரே கோடைக்காலம். ரெண்டு கப்பலில் ஒருத்தர் ஏற முடியாது. 26 வயசு. கையில் ஒரே ஒரு டெஸ்ட். நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?

கோபாலன் கிரிக்கெட்டை எடுத்தார்.

இன்றைக்கு இருந்து பார்த்து தப்பு என்று சொல்வது சுலபம். ஆனால், அவருக்கு வேலை வாங்கித் தந்தது கிரிக்கெட், பேர் வாங்கித் தந்தது கிரிக்கெட். என்னைக் கேட்டால், அந்த இடத்தில் பத்தில் எட்டு பேர் அதையேதான் செய்திருப்பார்கள்.

அந்த டூர் எப்படி இருந்தது என்றால், அதை நினைக்க இந்திய கிரிக்கெட்டே கூச்சப்படும். கேப்டன் யார்? நம்ம விஸிதான்! ஹாப்ஸைக் காசு கொடுத்து அழைத்து வந்த அதே விஸி. மூன்று டெஸ்ட்டிலும் சேர்த்து அவர் அடித்தது 33 ரன். அணியின் நட்சத்திரம் லாலா அமர்நாத்தை, ஒழுங்கீனம் என்று சொல்லி முதல் டெஸ்ட்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விஸி கோஷ்டி, சி.கே.நாயுடு கோஷ்டி என்று அணி ரெண்டாகக் கிடந்தது. காலை டிபன் மேஜையில் நாயுடுவை அவமானப்படுத்திய ஒருவருக்கு அதற்குப் பரிசாக டெஸ்ட் இடம் கிடைத்ததாக ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது.

கோபாலனுக்கு? லார்ட்ஸில் இல்லை. மான்செஸ்டரில் இல்லை. மூன்றாவது டெஸ்ட் ஓவலில். அங்கேயும் இல்லை.

இப்போ தேதியைக் கவனியுங்க. ஓவல் டெஸ்ட் ஆரம்பித்த நாள், 1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. பெர்லினில் ஹாக்கி ஃபைனல் 14-ம் தேதி நடந்திருக்க வேண்டியது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது. ஆக, அதுவும் ஆகஸ்ட் 15. லண்டனில் வால்டர் ஹாமண்ட் இந்தியப் பந்துவீச்சை அடித்துத் துவைத்து இரட்டைச் சதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, பெர்லினில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று உரித்துத் தங்கத்தை வாங்கியது. முந்தின வருஷம் கோபாலன் யாரோடு ஆடினாரோ, அந்த தியான்சந்த்தின் அணி. அவரோ தன் டூரில் ஒரு டெஸ்ட் கூட ஆடாமல் ஊர் திரும்பினார்.

அதே டூரில் இன்னொரு சென்னைக்காரரும் இருந்தார். கோட்டா ராமசாமி, 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். அவருக்கு 40 வயசில் மான்செஸ்டரில் டெஸ்ட் வாய்ப்பு வந்தது. 40, 60 என்று அடித்தார். ஒரே அணியில் ரெண்டு விளையாட்டு ஆடிய ரெண்டு மெட்ராஸ்காரர்கள். ஒருவருக்கு அந்தக் கோடை கதவைத் திறந்தது. இன்னொருவருக்குத் திறக்கவே இல்லை.

அப்புறம் உலகப்போர் வந்தது. டெஸ்ட் கிரிக்கெட்டே பல வருஷம் நின்றுபோனது. கோபாலன் மட்டும் நிற்கவில்லை. மெட்ராஸுக்கு ஆடினார், கேப்டனாக இருந்தார், 40 வயசு தாண்டியும் பந்து போட்டார். முதல்தர கிரிக்கெட்டில் அவர் கால் நூற்றாண்டைத் தொட்டதைக் கொண்டாட, 1950-களின் தொடக்கத்தில் அவர் பேரிலேயே கோபாலன் டிராஃபி பிறந்தது. சென்னைக்கும் இலங்கைக்கும் நடுவே நடந்த மேட்ச் அது. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைப்பதற்கு முன்னால், அவர்கள் ஆவலோடு காத்திருந்து ஆடிய ஆட்டம். பிறகு இந்திய அணித் தேர்வாளராகவும் உட்கார்ந்தார்.

2003 டிசம்பர் 21-ம் தேதி சென்னையில் காலமானார். வயசு 94. அன்றைக்கு, உலகத்தில் உயிரோடு இருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களிலேயே மூத்தவர் அவர்தான். அவர் ஆடியது அதே ஒரு டெஸ்ட்.