கிளெயர் மக்கார்டெல்: பொக்கற் வைத்துத் தைத்தவர்

மனையியல் வகுப்பில் தைத்ததைப் பிரித்து, பிரித்ததை மறுபடி தைத்து அலுத்துப்போன எவருக்கும் கிளெயர் மக்கார்டெல்லின் கதை பிடிக்கும். 1905இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரெடரிக் நகரில் பிறந்த இவரும் கல்லூரியில் முதலில் படித்தது மனையியலே. இரண்டு வருடங்களில் அதை விட்டு, ஆடை வடிவமைப்புப் படிக்க நியூயோர்க் போனார். அந்தப் படிப்புக்காகப் பாரிசில் இருந்த காலத்தில், புகழ்பெற்ற மடலின் வியோனே தைத்த சட்டைகளை வாங்கி, தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தார். துணியை மூலைவாட்டில் வெட்டினால் அது உடம்போடு எப்படி இழைந்து விழும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

அக்காலத்து அமெரிக்கத் தையல் நிறுவனங்கள் பாரிசைப் பார்த்துப் பிரதி செய்தே பிழைத்தன. கிளெயர் தன் தேவையைப் பார்த்தார். தனியே வாழும் பெண்ணுக்கு முதுகுப்பக்க சிப்பை யார் பூட்டிவிடுவது? சிப் பக்கவாட்டுக்கு வந்தது. ஆண்களின் காற்சட்டையில் இருப்பதுபோலப் பெண்களின் சட்டைகளிலும் ஆழமான பொக்கற்றுகள் வந்தன. (எங்கள் வெள்ளைச் சீருடையில் கைக்குட்டையை எங்கே செருகினோம் என்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள்!) வேலையாட்களின் உடுப்புக்குரிய டெனிம், கட்டம் போட்ட பருத்தி, மெத்தை உறைக்கான கோட்டுத் துணி எல்லாவற்றையும் நல்ல உடுப்பாக்கினார்.

1938இல் இடுப்பே வெட்டாத, கூடாரம்போலத் தொங்கும் சட்டை ஒன்றைச் செய்தார். உடுத்துபவர் விரும்பிய இடத்தில் பட்டியைக் கட்டிக்கொள்ளலாம். அது பெருவெற்றி. ஆனால் போலிகளோடு மல்லுக்கட்டியதில் அவர் வேலை செய்த டவுன்லி நிறுவனமே மூடப்பட்டது. 1940இல் அது மீண்டும் திறந்தபோது உடுப்புகளில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டது. வடிவமைப்பாளரின் பெயரை வெளியே சொல்லாத காலம் அது.

யுத்தம் வந்தது. வீட்டு வேலைக்கு இருந்தவர்கள் யுத்தகால வேலைகளுக்குப் போய்விட, எசமானிகள் தாங்களே சமைக்க வேண்டியதாயிற்று. 1942இல் அவர்களுக்காக, சுற்றிக் கட்டும் டெனிம் சட்டை ஒன்றை அடுப்படிக் கையுறையுடன் சேர்த்துச் செய்தார். விலை 6.95 டொலர். பல்லாயிரக்கணக்கில் விற்றது. சப்பாத்துகளுக்குப் பங்கீடு வந்தபோது, பாலே நடனக்காரரின் மெல்லிய சப்பாத்துக்கு உறுதியான அடி வைத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தார்.

1955இல் டைம் சஞ்சிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. மூன்று வருடங்கள்தான். புற்றுநோயுடன் வைத்தியசாலையில் கிடந்தபடியே, தோழி மில்ட்ரெட் ஓரிக்கின் உதவியோடு தன் கடைசித் தொகுப்பைச் செய்து முடித்தார். 1958 மார்ச்சில் காலமானபோது வயது 52. அதன்பின் அவர் பெயரில் உடுப்புச் செய்வதைக் குடும்பத்தினர் நிறுத்திவிட்டனர்.